காப்புறுதிப் பத்திரம் வெறுங் கடதாசியன்று

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அனைவரிடமும் காப்புறுதிப் பத்திரம் ஒன்று உண்டு. அதனை ஒருமுறையேனும் முழுதும் வாசித்தவர் எத்துணைப் பேர்? ஆண்டு முடிவில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும். ஆகவே எங்கு மலிவோ அங்கே பணத்தைக் கட்டிச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டால் காரியம் முடிந்தது என்பதே நம்மவருள் பலரின் எண்ணமாக இருக்கிறது. எது மலிவு என்று கேட்பவர் பலர். ஆபத்து நேர்ந்தால் இது எனக்கு என்ன தரும் என்று கேட்பவரோ சிலர். வல்வெட்டித்துறையிலும் உடுப்பிட்டியிலும் கரவெட்டியிலும் ஒரு கணப்பொழுது விபத்து ஒரு குடும்பத்தின் காணியை ஈட்டுக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதை நினைக்குமிடத்து, இந்த அசட்டையைக் கண்டு நாம் வாளாவிருத்தல் முறையன்று.

காப்புறுதி என்னும் கருத்து கடலோடிகளின் ஊருக்கு அந்நியமானதன்று. புயலிற் சிக்கிய கப்பலைக் காப்பதற்காகச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த நட்டத்தை எறியப்பட்ட சரக்கின் சொந்தக்காரர் மட்டும் சுமத்தல் அநீதி. தப்பிப் பிழைத்த சரக்கின் உடைமையாளர் அனைவரும் அதனைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது மிகப் பழைய கடல் நியதி. இன்றைய காப்புறுதியின் உயிர்நாடியும் இதுவே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டு நம்மூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது உலகறிந்த செய்தி. அத்தகைய பயணத்தைத் துணிந்தவர்களின் மரபில் வந்தோர், நான்கு சில்லு வண்டிக்கான பத்திரத்தின் நிபந்தனைகளை அறியாதிருத்தல் பொருந்துமா?

முதலில் சட்டம் என்ன கூறுகிறது என்பதை ஆராய்வோம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாந் தரப்புக் காப்புறுதியின்றி எவரும் வீதியில் வண்டி செலுத்தலாகாது என விதித்தது. இச்சட்டத்தின் நோக்கம் வண்டிக்காரனைக் காப்பதன்று. வண்டியால் இறந்தோரின் குடும்பத்தாரையும் காயமுற்றோரையும் காப்பதேயாம். சட்டம் கட்டாயப்படுத்தியதும் மரணம், உடற்காயம் ஆகியவை பற்றிய பொறுப்பையேயன்றிச் சொத்துச் சேதத்தையன்று. ஒருவரது வண்டி அயலவரின் மதிலை இடித்தாலும், கடையொன்றினுட் புகுந்தாலும், வேறொருவரின் புதுக் காரை நசுக்கினாலும், அச்சேதத்துக்கு அவரது பத்திரம் எவ்வளவு தரும் என்பது பத்திரத்திற் குறித்த வரம்பைப் பொறுத்தது. அவ்வரம்பு சிறிதாயின் எஞ்சியதை அவரே தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும். மூன்றாந் தரப்புப் பத்திரம் தமது சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. வண்டியில் உடன் பயணிக்கும் மனைவி மக்களுக்கும் உற்றாருக்கும் அது காப்பளிக்குமா என்பதையும் பத்திரத்தைப் பார்த்தே அறிதல் வேண்டும். அளிக்கும் என்று தாமாகவே எண்ணியிருத்தல் ஆபத்து.

விபத்தினால் பாதிக்கப்பட்டோர் அறிய வேண்டியதும் உண்டு. வண்டி செலுத்தியவருக்கு நீதவான் நீதிமன்றம் அபராதம் விதித்துவிட்டால் நட்டஈடு தானாக வந்துவிடும் என்று கருதுவோர் நம்மிடையே பலர். அபராதம் அரசுக்குச் செல்வது. கணவனை இழந்தவளுக்கு நட்டஈடு வேண்டுமாயின், காப்புறுதிக் கொம்பனி இணக்கமாகக் கொடுக்க முன்வந்தாலன்றி, மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்தல் வேண்டும். நமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி வண்டி செலுத்தியவரின் கவனயீனத்தை நிரூபிக்கும் பாரம் வழக்காளியையே சாரும். அவ்வழக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். அன்றியும், வழக்குத் தொடுக்குமுன்னரோ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளேயோ காப்புறுதிக் கொம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கப்படாவிடின், தீர்ப்புப் பணத்தைச் செலுத்தும் கடமையிலிருந்து கொம்பனி விடுபட்டுவிடும். செத்த வீட்டின் துயரில் ஆழ்ந்திருப்போர் இந்த நாட்கணக்கை எண்ணிக்கொண்டிருப்பரா? அவர்களுக்காக ஊரிலுள்ள கற்றோர்தாம் எண்ணிக்கொடுக்க வேண்டும். மோதிய வண்டி நில்லாது ஓடிவிட்டால், வீதிப் பாதுகாப்பு தேசிய சபையின் நிதியத்திலிருந்து உதவி கோரலாம் என்பதையும் பலர் அறியார்.

இனி முழுமைக் காப்புறுதி. 'முழுமை' என்னும் பெயரே மயக்கம் தருவது. எல்லாவற்றுக்கும் காப்பு என்று எண்ணிப் பணத்தைக் கட்டுகிறோம். ஆபத்து நேர்ந்தபின் 'இதற்கில்லை, அதற்கில்லை' என்னும் விடையைப் பெற்று மனம் புழுங்குகிறோம். வழக்கமாக இடர்ப்பாடு விளையும் இடங்கள் ஒரு சிலவே. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, காப்புறுதித் தொகை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரூபாவின் மதிப்பும் வீழ்ந்தது. பழைய வண்டிகளின் விலை, வாங்கிய விலையைக் காட்டிலும் பன்மடங்காயிற்று. பத்திரத்திலோ பழைய தொகையையே ஆண்டுதோறும் எழுதி வந்தோர் பலர். இதனால் விளையும் கேட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். சந்தையில் அறுபது இலட்சம் பெறும் காரை நாற்பது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருப்பதாகக் கொள்வோம். ஆறு இலட்சம் ரூபாச் சேதம் ஏற்படுகிறது. விகிதாசார நிபந்தனை அடங்கிய பத்திரமாயின் கொம்பனி மூன்றில் இரண்டு பங்காகிய நான்கு இலட்சத்தையே கணக்கிற் கொள்ளும். மூன்றில் ஒரு பங்குக்கு உடைமையாளர் தாமே காப்புறுதியாளர் என்பது அதன் கருத்து. 'நாற்பது இலட்சத்துக்குப் பணம் கட்டினேன், கேட்பது ஆறு இலட்சந்தானே' என்று வாதாடுவதிற் பயனில்லை. ஆதலின் ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது சந்தை விலையை விசாரித்துத் தொகையைத் திருத்துதல் இன்றியமையாதது. அளவுக்கு மிஞ்சி எழுதுவதாலும் இலாபமில்லை. கட்டுப்பணம் கூடுமேயன்றி, இழப்புக்கு மேல் ஒரு சதமும் கிடைக்காது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சங்கதியும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய கார்களைப் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் குடாநாட்டில் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்த வண்டிகள் அவை. அவற்றுக்குச் சந்தை விலை என்பது ஆளுக்கொரு விதம். விபத்துக்குப் பின் கொம்பனியின் மதிப்பீட்டாளர் பழைய இரும்பின் விலையைச் சொன்னால் என்செய்வது? இத்தகைய வண்டிக்கு முன்கூட்டியே மதிப்பீட்டு அறிக்கை பெற்று, இரு தரப்பும் இணங்கிய விலையைப் பத்திரத்தில் எழுத்தில் பெறுதலே தக்க வழி. இயந்திரத்திலோ எரிபொருளிலோ மாற்றம் செய்திருப்பின் அதனையும் மறையாது அறிவித்தல் வேண்டும். காப்புறுதி ஒப்பந்தம் பரிபூரண நல்லெண்ணத்தின்மேல் நிற்பது. மறைத்த உண்மை பின்னர் வெளிப்பட்டால் பத்திரமே செல்லாதென வாதிக்கக் கொம்பனிக்கு இடமுண்டு.

இரண்டாவது, வண்டியின் பயன்பாடு. தனிப்பட்ட பாவனைக்கெனப் பதிந்த வானைக் கலியாணத்துக்கும், செல்வச்சந்நிதிக்கும், கட்டுநாயக்காவுக்கும் வாடகைக்கு விடுவது நமது பகுதியிற் சர்வசாதாரணம். வாடகை பெற்ற நேரத்தில் விபத்து நேர்ந்தால், பத்திரத்திற் குறித்த பயனுக்குப் புறம்பாக ஓட்டியதாகக் கூறிக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். விவசாயிகளுக்கு இதைவிட முக்கியமானது உழவு இயந்திரம் பற்றியது. வெங்காயமும் புகையிலையும் ஏற்றிச் செல்லும் லான்ட்மாஸ்டரின் பெட்டியில் திருவிழாக் காலத்தில் இருபது பேரை ஏற்றிச் செல்கிறோம். இயந்திரத்துக்கு எழுதிய பத்திரம் பெட்டிக்கும் பொருந்துமா? பெட்டியில் இருக்கும் மனிதருக்குப் பொருந்துமா? கேட்டறியாமல் ஏற்றிச் செல்வோர், அவ்விருபது உயிர்களின் பொறுப்பையும் தம் வயலின்மேல் ஏற்றிச் செல்கிறார்கள். அவ்வாறே, உரிய வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரின் கையில் வண்டியைக் கொடுத்தலும், மது அருந்தி ஓட்டுதலும் காப்பை இழப்பதற்கு நேர்வழிகள்.

மூன்றாவது, உடைமை. வண்டியை விற்றவர் வெற்றுப் பாரத்திற் கையெழுத்திட்டுக் கொடுக்க, வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் 'திறந்த பத்திர' வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. காப்புறுதியோ முன்னவர் பெயரில் இருக்கும். சேதம் நேர்ந்தால், வண்டியில் உரித்தில்லாத முன்னவர் கோர முடியாது. பத்திரத்திற் பெயரில்லாத பின்னவரும் கோர முடியாது. பெயர் மாற்றச் செலவை மிச்சப்படுத்தியவர் வண்டியையே இழக்கிறார். 2009 ஆம் ஆண்டின் பின் வடக்கிற் பெருகிய குத்தகைக் கொம்பனிகளிடம் தவணைமுறையில் வண்டி வாங்கியோர் வேறொன்றையும் அறிதல் வேண்டும். வண்டி முற்றாக அழிந்தால் காப்புறுதிப் பணம் முதலில் குத்தகைக் கொம்பனிக்கே செல்லும். கடன்போக எஞ்சியதே உடைமையாளருக்கு. காப்புறுதித் தொகை குறைவாயின் வண்டியும் போய்க் கடனும் நிற்கும்.

நான்காவது, இயற்கையின் சீற்றமும் மனிதரின் சீற்றமும். 2008 இல் நிஷா புயலும் 2025 நவம்பரில் டித்வா புயலும் கொணர்ந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். வெள்ளச் சேதத்துக்கான காப்பு தானாக அடங்கியிருக்குமென்று கொள்ளலாகாது. சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் கொந்தளிப்பு, பயங்கரவாதம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கும் தனிக் கட்டுப்பணம் உண்டு. இத்துறைக்கான நிதியம் இன்று தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பில் உள்ளது. இதனைத் தேவையற்ற செலவென்று தமிழன் ஒருவன் கூறுவானாயின் அவன் சரித்திரம் அறியாதவன். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தென்னிலங்கை வீதிகளில் எரிந்தவை யாருடைய உடைமைகள் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1989 ஆகஸ்ட் 2 ஆம் திகதி இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறையில் நிகழ்த்திய படுகொலையிலும் எரிப்பிலும் அழிந்த உயிர்களையோ உடைமைகளையோ எந்தப் பத்திரமும் மீட்டுத் தரவில்லை. யுத்த நிகழ்வுகள் காப்புறுதிக்குப் புறம்பு என்பது உலகெங்கும் உள்ள விதி. 2022 மே மாதத்தில் தெற்கில் அரசியல்வாதிகளின் வண்டிகள் தீக்கிரையானபோது இக்காப்பின் அருமையைத் தென்னிலங்கையும் உணர்ந்தது. கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் வண்டி அனுப்புவோர் இச்சிறு தொகையை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதே நமது புத்திமதி.

இவையனைத்துக்கும் அடிப்படையான ஒன்று மொழி. வாசித்து விளங்காத பத்திரம் ஒப்பந்தமாகுமா? விண்ணப்பப் பாரத்தை முகவர் நிரப்ப, கீழே கையெழுத்தை மட்டும் நாம் இடுகிறோம். அதில் எழுதப்பட்ட ஒவ்வொரு விடைக்கும் சட்டத்தின் முன் பொறுப்பாளி முகவரல்லர், நாமே. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழர் எதிர்த்தது வெறும் உணர்ச்சிக்காகவன்று. விளங்காத மொழியிற் கையெழுத்திடும் நிலை வரலாகாது என்பதற்காகவுமே. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் வடக்கு கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழென வகுத்தது. ஆகவே விபத்தின் பின் பொலிஸ் நிலையத்தில் நம் வாக்குமூலம் தமிழிற் பதியப்படக் கேட்பது சலுகையன்று, உரிமை. வாசிக்க இயலாத மொழியில் எழுதியதன் கீழ்க் கையெழுத்திடாதீர். கொம்பனிகளிடமும் பத்திரத்தின் நிபந்தனைகளைத் தமிழிற் கேளுங்கள். தமிழரிடம் கட்டுப்பணத்தை வாங்கத் தெரிந்தோருக்குத் தமிழில் நிபந்தனை எழுதித் தருதல் இயலாத காரியமன்று.

இனி வாங்கும் முறை. நல்ல மாடு வாங்குவோன் ஒரு பட்டியை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. அதுபோல, மூன்று நான்கு கொம்பனிகளிடமாவது விலை கேட்டல் வேண்டும். ஒரே காப்புறுதித் தொகை, ஒரே காப்பு, ஒரே பயன்பாடு என்று வைத்துக் கேட்டாலன்றி ஒப்பிட முடியாது. கட்டுப்பணம் குறைந்த இடத்தில் முதலிற் பார்க்க வேண்டியது 'எக்ஸஸ்' எனப்படும் தொகை. ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்கவேண்டிய முதற் பகுதி அது. அதனை உயர்த்திவிட்டுக் கட்டுப்பணத்தைக் குறைத்துக் காட்டுதல் எளிது. புதிய உதிரிப்பாகத்துக்கு எவ்வளவு கழிப்பர், எந்தத் திருத்தகத்தில் வேலை செய்விக்கலாம், யாழ்ப்பாணத்திலேயே மதிப்பீட்டாளர் உளரா, கண்ணாடி உடைவுக்கு வரம்பு உண்டா, பிறர் சொத்துச் சேதத்துக்கு வரம்பு யாது என்பனவற்றை எழுத்திற் பெறுக. கோரிக்கையின்றிக் கழித்த ஆண்டுகளுக்குக் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' கழிவு உழைத்துச் சேர்த்த சொத்துப் போன்றது. கொம்பனி மாறும்போது அதற்குரிய கடிதத்தைப் பெற்றுச் செல்க. சிறு கீறலுக்காகக் கோரிக்கை செய்து பெருங் கழிவை இழப்பது விவேகமன்று. கொம்பனியும் தரகரும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிற் பதிவு பெற்றவரா என்று பார்க்கவும். பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் முகவரை அனுப்பிவிடாதீர்.

விபத்து நேர்ந்துவிட்டால் முதற் கடமை காயமுற்றோரை மந்திகைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டு சேர்த்தல். மனித உயிரின் முன் பத்திரம் பெரிதன்று. அடுத்து, கொம்பனிக்கும் பொலிசாருக்கும் தாமதமின்றி அறிவித்தல். வீதியோரத்தில் 'சமாதானமாகப் போவோம்' என்று குற்றத்தை ஏற்று எழுதிக்கொடுத்தலும், பணம் தருவதாக வாக்களித்தலும் பல பத்திரங்களின் நிபந்தனைகளை மீறுவன. கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்திற் கேளுங்கள். அதன்பின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். நீதிமன்றம் எப்போதும் உண்டு.

மக்களின் கடமையைக் கூறிய நாம் அரசின் கடமையைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1964 முதல் மோட்டார்க் காப்புறுதியும் அதன் ஏகபோகமாயிற்று. பின்னர் எண்பதுகளில் தனியார் கொம்பனிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. ஏகபோகம் போய்ப் போட்டி வந்தது. ஆயினும் விபத்தில் மாண்டவனின் விதவை நடந்து செல்ல வேண்டிய நீதிமன்றப் பாதை குறுகவில்லை. இந்தியாவில் மோட்டார் விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயங்கள் உள்ளன. கவனயீனத்தை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து இலட்சம் ரூபா பெற அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. நியூசிலாந்து 1974 முதல் குற்றம் யாருடையதென்று கேளாமலே விபத்துற்றோருக்கு உதவி வழங்குகிறது. நமது சட்டத்துக்கு முன்மாதிரியாக 1930 இல் கட்டாயக் காப்புறுதியை விதித்த பிரித்தானியாவே, சொத்துச் சேதத்தையும் 1989 முதல் கட்டாயக் காப்பினுள் அடக்கிவிட்டது. மாதிரி மாறியபின்னும் படியெடுத்தவர் மாறாதிருப்பது ஏன்?

ஆகவே நாம் கேட்பன மூன்று. விபத்து நட்டஈட்டை விரைந்து தீர்க்கும் தனித் தீர்ப்பாயங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைக்கப்படல் வேண்டும். பிறர் சொத்துச் சேதத்துக்கு ஒரு நியாயமான குறைந்தபட்சக் காப்பு கட்டாயமாக்கப்படல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் விற்கப்படும் ஒவ்வொரு பத்திரமும் தமிழில் வழங்கப்படல் வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இவற்றைச் சபையில் எழுப்புவார்களாக. இவற்றுக்குப் பெருந் திரவியம் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வீதி நம்மைக் கேட்பதில்லை. பொங்கலன்று பட்டத் திருவிழாக் காணக் குடாநாடெங்கிலுமிருந்து வண்டிகள் வல்வெட்டித்துறைக் கடற்கரையை நோக்கி வருகின்றன. சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரியம்மன் இந்திரவிழாவுக்கும் அவ்வாறே. ஒடுங்கிய வீதிகளில் சிறுவரும் முதியோரும் வண்டிகளும் நெருங்கிச் செல்கின்றனர். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. ஊர்களிலுள்ள சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் சனசமூக நிலையத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, விவசாயிகளும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் கொண்டுவரும் பத்திரங்களை வாசித்து விளக்குவார்களாயின் அது பெருந்தொண்டாகும். வாசகர்கள் இன்றிரவே அலுமாரியைத் திறந்து தத்தம் பத்திரத்தை எடுத்து, பெயர், தொகை, பயன்பாடு, விலக்கு, முடிவுத் திகதி ஆகிய ஐந்தையும் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.